வைண்ட் டவுன்: காதில் விழுந்தால் என்ன பொருள், நாம் எப்படிச் சொல்வது

‘வைண்ட் டவுன்’ என்ற ஆங்கிலத் தொடர் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் காதில் விழலாம். பக்கத்து மேசைக்காரர் ‘ஐ நீட் டு வைண்ட் டவுன்’ என்கிறார்: வேலை அலுப்புத் தீர அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். விருந்துக்குத் தாமதமாகப் போனால் வாசலிலேயே ஒருவர் ‘இட்ஸ் வைண்டிங் டவுன் நவ்’ என்கிறார்: கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. அலுவலக மெயிலில் ‘வி ஆர் வைண்டிங் டவுன் திஸ் ப்ராஜெக்ட்’ என்று வருகிறது: அந்த வேலை இன்னும் கொஞ்ச காலந்தான். ‘வைண்ட் டவுன் என்றால் ரிலாக்ஸ்’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் முதல் இடத்தில் சமாளித்துவிடுவார். மூன்றாம் இடத்தில், தன் வேலைக்கு என்ன வரப்போகிறது என்பதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆங்கிலம் புழங்கும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போயிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஃப்ரேசல் வெர்ப் என்ற கூட்டுவினைகளில் நூறைப் பட்டியல் போட்டு உருப்போடுவதைவிட, ஒன்றை எடுத்து அதன் உள்ளும் புறமும் தெரிந்துகொள்வதுதான் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்று நன்றாகப் பிடிபட்டால் அதன் சொந்தக்காரர்கள் பத்துப் பேரும் தானாகப் பழக்கமாகிவிடுவார்கள்.

முதல் படி: ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இந்தத் தொடரில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது பொருளில் அல்ல, ஒலியில். எழுத்தில் பார்த்தால் முதல் சொல் காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ போலவே இருக்கும். எழுத்துக்கூட்டு இம்மியும் மாறாது. ஆனால் இது காற்று இல்லை. ‘சுற்று, முறுக்கு’ என்னும் வினை. உச்சரிப்பு ‘வைண்ட்’.

இந்த ஒலி நமக்குப் புதிதே இல்லை. கேசட் காலத்தில் ‘ரீவைண்ட்’ பொத்தானை அழுத்தாத வீடு குறைவு. கோயம்புத்தூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு ‘மோட்டார் வைண்டிங்’ பலகை தொங்கும். நூற்பாலையில் வேலை செய்தவர்களுக்குக் ‘கோன் வைண்டிங்’ அன்றாடப் பேச்சு. செம்புக் கம்பியைச் சுற்றுவதும் நூலைச் சுற்றுவதும் அதே வினைதான். ‘வைண்ட் டவுன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு ‘விண்ட்’ பக்கம் சாய்ந்தால், மனத்துக்குள் ஒருமுறை ‘ரீவைண்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். சரியாகிவிடும்.

முதல் எழுத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தமிழின் ‘வ’வைச் சொல்லும்போது கீழுதடு மேற்பல்லை லேசாகத் தொட்டுவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சொல் தொடங்கும்போது பல் எதையும் தொடுவதில்லை. இரண்டு உதடும் குவிந்து விரியும். நாம் ‘ஒயர்’ என்றும் ‘ஒயின்’ என்றும் எழுதுகிறோமே, அந்த ‘ஒ’வில் உதடு எப்படிக் குவிகிறதோ அதே குவிவை ‘வைண்ட்’டுக்கும் கொடுக்க வேண்டும்.

பேச்சு வேகத்தில் முதற்சொல்லின் கடைசி ஒலியும் அடுத்த சொல்லின் முதல் ஒலியும் ஒட்டிக்கொண்டு ‘வைண்டவுன்’ என்றே கேட்கும். இப்படி ஒட்டுவதை வைத்து மதுக்கூடங்களில் ‘வைன் டவுன் வென்ஸ்டே’ என்று பலகை எழுதுவதுண்டு. ஒயினையும் இளைப்பாறுதலையும் சேர்த்த சிலேடை அது. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அதுதான் சரியான எழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் இப்போதே கவனித்துவிடுங்கள். வினையாகச் சொல்லும்போது ‘டவுன்’ மேல் அழுத்தம் விழும். ‘த வைண்ட்-டவுன்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது ‘வைண்ட்’ மேல் விழும். எழுத்தில் பெயர்ச்சொல்லுக்கு நடுவே சிறுகோடு வரும், வினைக்கு வராது. மெயில் எழுதுகிறவர்கள் இந்தக் கோட்டில் கவனமாக இருக்க வேண்டும்.

இறந்தகாலம் இன்னொரு கண்ணி. ‘வைண்டட்’ என்று ஒரு வடிவம் கிடையாது. ‘வௌண்ட் டவுன்’ என்பதே சரி. எழுத்தில் இந்த ‘வௌண்ட்’ காயத்தைக் குறிக்கும் ‘வூண்ட்’ போலவே இருக்கும். ஒலிதான் பிரித்துக் காட்டும். ‘விண்டட்’ என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அது காற்றுக் குடும்பம்: மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறது என்பதற்கு ‘ஐ ஆம் விண்டட்’ என்பார்கள். ‘நேற்று நிம்மதியாக இளைப்பாறினேன்’ என்று சொல்லப் போய் ‘எனக்கு மூச்சு வாங்கியது’ என்று சொல்லிவிடக் கூடாது.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் முறுக்கைப் பாருங்கள்

சாவி கொடுக்கும் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த ‘ஜனதா’வை அப்பாவோ தாத்தாவோ தினமும் காலையில் திருகிச் சாவி கொடுத்ததைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். உள்ளே இருக்கும் சுருள்வில் முறுக்கேறி, அந்த முறுக்கு இறங்க இறங்கத்தான் முள் நகரும். சாவி கொடுத்து முறுக்கேற்றுவது ‘வைண்ட் அப்’. முறுக்கு இறங்கி, ஓட்டம் தளர்ந்து, நிற்கப் போவது ‘வைண்ட் டவுன்’. இயந்திரத்துக்குச் சொன்னதுதான் பிறகு மனிதருக்கும் விழாவுக்கும் கம்பெனிக்கும் வந்து சேர்ந்தது.

இதில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்றுதான்: வைண்ட் டவுன் சட்டென்று நிகழாது, படிப்படியாகவே நிகழும். ‘ரிலாக்ஸ்’ என்பது நாம் போய்ச் சேரும் நிலை. ‘வைண்ட் டவுன்’ அங்கே போகும் வழி. ‘ஸ்டாப்’ என்றால் நின்றுவிட்டது. ‘வைண்ட் டவுன்’ என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வேகம் குறைகிறது. இனி வரும் எல்லா இலக்கணமும் எல்லாப் பயன்பாடும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறக்கின்றன.

கைபேசிக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். 2018-இல் கூகுள் தன் டிஜிட்டல் வெல்பீயிங் வசதியில் ‘வைண்ட் டவுன்’ என்று ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது. படுக்கும் நேரம் நெருங்கியதும் திரையின் நிறம் போய்ச் சாம்பலாகிவிடும். பிற்பாடு அதன் பெயரை ‘பெட்டைம் மோட்’ என்று மாற்றிவிட்டார்கள். 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இல் ஐபோனுக்கும் ‘வைண்ட் டவுன்’ வந்தது. தூங்கும் நேரத்துக்கு எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் அந்தப் பெயர் தூக்கத்துக்கு வைக்கப்படவில்லை, தூக்கத்துக்கு முந்தைய அந்த இடைநேரத்துக்கே வைக்கப்பட்டது. உங்கள் கைபேசியின் மொழி ஆங்கிலமாக இருந்து அமைப்புகளில் இந்தச் சொல் கண்ணில் பட்டால், அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். அகராதியைவிடத் தெளிவாகப் பொருள் சொல்லும்.

மூன்றாம் படி: எது தளர்கிறது என்று கேளுங்கள்

வாக்கியம் காதில் விழுந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, வேகம் குறைவது யாருக்கு, அல்லது எதற்கு என்பது. விடை மனிதரா, நிகழ்ச்சியா, நிறுவனமா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்.

மனிதர் என்றால் இளைப்பாறுதல். வேலையின், அலைச்சலின், பதற்றத்தின் முறுக்கு இறங்குவது. ‘ஐ வைண்ட் டவுன் வித் எ புக்’ என்றால் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எனக்கு அலுப்புத் தீரும் என்று பொருள். ஏற்கெனவே ஓய்வாக இருக்கிறவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. நாள் முழுக்க விடுமுறையில் கட்டிலில் கிடந்தவர் ‘ஐ வாஸ் வைண்டிங் டவுன் ஆல் டே’ என்றால் கேட்பவருக்கு உறுத்தும். அங்கே ‘ரிலாக்ஸிங்’ போதும். முன்னால் ஒரு முறுக்கு இருந்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சியோ காலமோ என்றால் ஓய்ந்து வருவது. விருந்து, கூட்டம், திருவிழா, ஆண்டு, ஒருவரின் விளையாட்டு வாழ்க்கை எல்லாம் இதில் அடங்கும். ‘த பார்ட்டி வாஸ் வைண்டிங் டவுன் வென் வி காட் தேர்’ என்றால் நாங்கள் போனபோது பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ‘ஆஸ் த இயர் வைண்ட்ஸ் டவுன்’ என்று டிசம்பர் மெயில்கள் தொடங்கும். இதற்குள் மரியாதைக் குறிப்பு ஒன்று ஒளிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். நம்மை வீட்டுக்கு அழைத்தவர்கள், ‘ஐ திங்க் வி ஆர் வைண்டிங் டவுன்’ என்று மெல்லச் சொன்னால், விருந்தாளிகள் கிளம்பலாம் என்று அர்த்தம். நம் ஊரில் ‘சாப்பிட்டுட்டுப் போங்க’ என்று தடுப்பதுதான் மரியாதை. அங்கே இப்படிச் சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

நிறுவனம், திட்டம், ஆலை என்றால் படிப்படியாக மூடுவது. மற்ற இரண்டையும்விட இங்கே பொருள் தவறினால் இழப்பு பெரிது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் ஆங்கிலத்தில் வந்த வினை ‘வைண்ட் டவுன்’தான். குஜராத்தின் சனந்தில் கார் பூட்டும் பணி 2021-இன் கடைசிக் காலாண்டுக்குள்ளும், சென்னையை அடுத்த மறைமலைநகரில் கார், என்ஜின் தயாரிப்பு 2022-இன் இரண்டாம் காலாண்டுக்குள்ளும் ஓய்ந்துவிடும் என்று சொன்னார்கள். சுமார் 4,000 ஊழியர்களை இது பாதிக்கும் என்றும் அறிவித்தார்கள். அதே சமயம், சனந்தில் ஏற்றுமதிக்கான என்ஜின் தயாரிப்பும் பழைய வாடிக்கையாளர்களுக்கான சர்வீஸும் தொடரும் என்றார்கள். இந்த ஒரே அறிவிப்பில் சொல்லின் முழு இயல்பும் தெரிகிறது. இன்றே பூட்டு இல்லை. இடத்துக்கு இடம் கெடு மாறுகிறது. சில பகுதிகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருவருக்கு ‘வைண்ட் டவுன்’ என்பதை ‘கொஞ்சம் மெதுவாகப் போகப் போகிறார்கள்’ என்று யாராவது பெயர்த்துச் சொல்லியிருந்தால், வேறு வேலை தேட வேண்டிய மாதங்கள் வீணாகியிருக்கும்.

அரசியலில் இச்சொல் இன்னும் வழுக்கும். அமெரிக்காவில் நிக்சன் ஆட்சியில் வியட்நாம் போரைக் குறித்து ‘வைண்டிங் டவுன் த வார்’ என்பது வழக்கமான பேச்சாக இருந்தது. 1969-இல் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்த அமெரிக்கப் படையினர் 1972 இறுதியில் 25,000-க்கும் கீழே வந்துவிட்டார்கள். அந்த வகையில் சொல் பொய்யில்லை. ஆனால் அதே 1972 டிசம்பரில்தான் ஹனோய் மீது கடுமையான குண்டுவீச்சும் நடந்தது. ஒன்று குறைந்துவருகிறது என்று மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது. எப்போது முடியும், முடிவதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பதை அது சொல்வதில்லை.

எனவே வாடிக்கையாளரோ மேலாளரோ ‘வி ஆர் வைண்டிங் டவுன் த ப்ராஜெக்ட்’ என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ‘வாட் இஸ் த டைம்லைன் ஃபார் த வைண்ட்-டவுன்?’ என்று கேளுங்கள். எதுவரைக்கும் என்று கெடு தெரியும். ‘ஹூ ஸ்டேஸ் ஆன் டில் த எண்ட்?’ என்று கேளுங்கள். கடைசிவரை யார் இருப்பார்கள் என்பது தெரியும். எதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகள் மரியாதைக் குறைவல்ல. அந்தச் சொல்லைச் சொன்னவர் இவற்றை எதிர்பார்த்துத்தான் இருப்பார்.

நான்காம் படி: வாக்கியத்தில் வையுங்கள்

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இது செயப்படுபொருள் கேட்காத வினை. ‘ஐ வைண்ட் டவுன்’ என்றால் வாக்கியம் முடிந்தது. ‘ஐ வைண்ட் டவுன் மைசெல்ஃப்’ என்று நீட்ட வேண்டாம். இன்னொரு பொருள் நம்மை இளைப்பாற வைக்கிறது என்றால் ‘ஹெல்ப்’ சேர்த்துக்கொள்ள வேண்டும்: ‘மியூசிக் ஹெல்ப்ஸ் மீ வைண்ட் டவுன்’. ‘மியூசிக் வைண்ட்ஸ் மீ டவுன்’ என்றால் காதுக்கு ஒட்டாது.

எதைக் கொண்டு இளைப்பாறுகிறோம் என்பதற்கு இரண்டு வழி. பொருள் என்றால் ‘வித்’: ‘வித் எ கப் ஆஃப் டீ’, ‘வித் சம் ஓல்ட் தமிழ் சாங்ஸ்’. செயல் என்றால் ‘பை’ போட்டு, வினையோடு ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘பை வாக்கிங் அரவுண்ட் த பிளாக்’. நேரத்துக்கு ‘ஆஃப்டர் வொர்க்’, ‘பிஃபோர் பெட்’, ‘அட் த எண்ட் ஆஃப் த டே’. இவை இந்தத் தொடரோடு சேர்ந்தே நடமாடும் சொற்கள். இவற்றுக்கு முன்னால் ‘நீட் டு’, ‘டைம் டு’, ‘ஹார்ட் டு’ என்பவை அடிக்கடி வரும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு விடியற்காலையில் வீட்டுக்கு வந்தும் கண் மூடாமல் தவிக்கிறவர் தன் நிலையை இப்படிச் சொல்லலாம்: ‘ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு வைண்ட் டவுன் ஆஃப்டர் எ நைட் ஷிப்ட்.’ மருத்துவரிடமும் இதே வாக்கியம் போதும். தூக்கம் வரவில்லை என்பதோடு, உடம்பும் மனசும் அடங்கவே மாட்டேன் என்கின்றன என்ற தகவலையும் அது சேர்த்துச் சொல்லிவிடும்.

நிறுவனம், திட்டம் பக்கம் வந்தால் செயப்படுபொருள் வரும், இரண்டு இடத்திலும் வைக்கலாம். ‘வைண்ட் டவுன் த பிசினஸ்’ சரி, ‘வைண்ட் த பிசினஸ் டவுன்’ என்பதும் சரி. ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற மாற்றுப்பெயர் வந்தால் நடுவில்தான்: ‘வைண்ட் இட் டவுன்’. ‘வைண்ட் டவுன் இட்’ என்பது பிழை. கூட்டத்தை முடிவை நோக்கிக் கொண்டுபோக ‘லெட்ஸ் ஸ்டார்ட் வைண்டிங் திங்ஸ் டவுன்’ என்பார்கள். இதைக் கேட்டபின் புதிதாக ஒரு விஷயத்தைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பழைய வழக்கு ஒன்றும் பிரிட்டனில் உயிரோடு இருக்கிறது: கார்க் கண்ணாடியை இறக்குவது ‘வைண்ட் டவுன் த விண்டோ’. அம்பாசடர் காரில் கைப்பிடியைச் சுற்றுவோமே, அதிலிருந்து வந்தது. பட்டனை அழுத்தினாலே கண்ணாடி இறங்கும் இந்தக் காலத்திலும் அப்படியேதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ‘ரோல் டவுன்’ என்பார்கள்.

காலத்தில் ஒரு குறிப்பு. வேகம் படிப்படியாகக் குறையும் குணம் இருப்பதால் ‘வைண்டிங் டவுன்’ என்ற தொடர்நிகழ் வடிவமே அதிகம் புழங்கும். புதிதாகப் பயிலுகிறவர் அந்த வடிவத்தையே முதலில் நாவில் ஏற்றிக்கொண்டால் முக்கால்வாசிப் பேச்சு ஓடிவிடும். ஆனால் ‘ஐ ஆம் வைண்ட் டவுன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘ஆம்’ வந்தால் ‘இங்’ வந்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: ‘வைண்ட் அப்’பிலிருந்து பிரியுங்கள்

நம் ஊர் ஆங்கிலத்தில் ‘வைண்ட் அப்’ ரொம்பப் பழக்கம். ‘வைண்ட் அப் பண்ணிட்டுக் கிளம்பலாமா?’ என்று சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லா அலுவலகத்திலும் கேட்கும். ‘அப்’ ஏறுவது, ‘டவுன்’ இறங்குவது. அப்படியிருக்க இரண்டும் எப்படி முடிவைக் குறிக்கும் என்று குழப்பம் வருவது இயல்பே. வேறுபாடு இது: ‘வைண்ட் அப்’ முடித்துக் கட்டுவது, ‘வைண்ட் டவுன்’ முடிவை நோக்கித் தளர்வது. மாநாட்டின் கடைசி நாள் முழுக்க வைண்டிங் டவுன். நன்றியுரை சொல்லி முடிப்பது வைண்ட் அப்.

கம்பெனி விவகாரத்தில் வேறுபாடு சட்டப்படியானது. ‘வைண்டிங் அப்’ என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் வரும் சொல். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியாகக் கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் நடைமுறை. ‘வைண்ட் டவுன்’ அப்படிப்பட்ட சட்டச்சொல் அல்ல. நிர்வாகம் தன் தொழிலைக் குறைத்துக்கொண்டே போவதைச் சொல்லும் பொதுச்சொல். ஒரு கம்பெனி முதலில் வைண்ட் டவுன் ஆகி, பிறகு வைண்டிங் அப்புக்குப் போகலாம்.

பிரிட்டனில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ‘ஆர் யூ வைண்டிங் மீ அப்?’ என்று ஒருவர் கேட்டால், ‘என்னைக் கலாய்க்கிறீர்களா?’ என்று பொருள். வேலையை முடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘ஐ ஆம் ஆல் வௌண்ட் அப்’ என்றால் ‘நான் ரொம்பப் பதற்றமாக, முறுக்கேறிப்போய் இருக்கிறேன்’. இந்த வௌண்ட் அப்பும் நம் வைண்ட் டவுனும் சாவி கொடுத்த அதே கடிகாரத்தின் ஏற்ற இறக்கம். சேர்த்தே படித்தால் இரண்டும் மறக்காது. அமெரிக்கர்கள் ‘வி வௌண்ட் அப் இன் சேலம்’ என்றால், எங்கேயோ போகப் புறப்பட்டுக் கடைசியில் சேலத்தில் போய்ச் சேர்ந்தோம் என்று பொருள்.

ஆறாம் படி: அண்டை அயலாரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இளைப்பாறுதலைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு தொடர்களும் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது.

‘அன்வைண்ட்’ கிட்டத்தட்ட இரட்டைப்பிள்ளை. மனிதருக்குச் சொல்லும்போது பொருள் அதேதான், தயங்காமல் மாற்றி வைக்கலாம். ஆனால் விருந்தோ ஆலையோ ‘அன்வைண்ட்’ ஆவதில்லை.

‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பது வேலையை மனத்திலிருந்து முழுக்க விலக்கிவைப்பது. வீட்டுக்கு வந்தும் மெயில் பார்த்துக்கொண்டே இருக்கிறவர் ‘ஐ கான்ட் ஸ்விட்ச் ஆஃப்’ என்பார். ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ அடக்கிவைத்த கோபத்தையோ துடிப்பையோ கொட்டித் தீர்ப்பது. அமெரிக்காவில் ‘ப்ளோ ஆஃப் ஸ்டீம்’. தெருவில் கிரிக்கெட் ஆடிக் களைத்து வருவது அது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்பது வைண்ட் டவுன். ‘லெட் யுவர் ஹேர் டவுன்’ என்பது கட்டுப்பாடு தளர்த்திக் கொண்டாடுவது. சத்தமும் சிரிப்பும் உள்ள இடத்துக்கே அது பொருந்தும்.

‘கிக் பேக்’ அமெரிக்கப் பேச்சுவழக்கு. காலை நீட்டிச் சாய்ந்துகொள்வது. வினையாக இருக்கும்வரை நல்ல சொல்தான். சேர்த்து எழுதிப் பெயர்ச்சொல்லாக்கினால் ‘கிக்பேக்’ என்பது ஒப்பந்தத்தில் வாங்கும் திருட்டுக் கமிஷன். நம் செய்தித்தாள்களிலும் அந்தப் பொருளில்தான் வருகிறது. அலுவலக மெயிலில் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

‘சில் அவுட்’டும் ‘காம் டவுன்’னும் ஏவலாக வரும்போது ஆபத்தானவை. கோபத்தில் இருக்கும் ஒருவரிடம் ‘காம் டவுன்’ என்றால், ‘நீ வீணாகக் கத்துகிறாய்’ என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறவர்கள் இந்த இரண்டு சொல்லையும் வாயிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்பதே வேலை செய்யும். நண்பர்களுக்குள் ‘லெட்ஸ் ஜஸ்ட் சில்’ என்பதில் தவறில்லை.

‘வைண்ட் டவுன்’னும் ஏவலாக அதிகம் வராது. முறுக்கு இறங்க நேரம் பிடிக்கும் என்பதால் ‘வைண்ட் டவுன்!’ என்று ஒருவரிடம் கட்டளை போட முடியாது. ‘யூ ஷுட் டேக் சம் டைம் டு வைண்ட் டவுன்’ என்று அக்கறையோடு சொல்லலாம், அதுவும் பழகினவரிடம். மற்றபடி இது நடுத்தரமான சொல். மேலதிகாரியிடமும் சொல்லலாம், அறிக்கையிலும் எழுதலாம், பாட்டியிடமும் பேசலாம். இத்தனை இடத்தில் செல்லுபடியாகும் இளைப்பாறுதல் சொல் வேறு அதிகமில்லை. அதனால்தான் முதலில் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

இங்கே வரும் ‘டவுன்’னைத் தனியாகக் கவனித்தால் இன்னொரு வாசல் திறக்கும். ‘ஸ்லோ டவுன்’, ‘டை டவுன்’, ‘கூல் டவுன்’, ‘குவையட்டன் டவுன்’: எல்லாவற்றிலும் அது குறைவதைத்தான் காட்டுகிறது. வேகம் குறைகிறது, இரைச்சல் அடங்குகிறது, சூடு தணிகிறது. முன்பின் கேட்டிராத ஒரு வினையோடு ‘டவுன்’ ஒட்டிவந்தால், முதல் ஊகமாக ‘ஏதோ குறைகிறது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ‘பிரேக் டவுன்’ மாதிரிச் சிலவற்றில் மட்டும் ஊகம் தவறும்.

ஏழாம் படி: நாவில் ஏற்றுங்கள்

வெள்ளிக்கிழமை அலுவலகத் தொலைபேசிக் கூட்டம் முடியும் நேரத்தில், ‘ஹவ் டு யூ வைண்ட் டவுன் ஆஃப்டர் எ வீக் லைக் திஸ்?’ என்று யாராவது கேட்பது சகஜம். இது நலம் விசாரிப்பு. ஒரு வரிப் பதில் போதும். பதிலை முன்கூட்டியே உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ யூஷுவலி வைண்ட் டவுன் பை குக்கிங்.’ ‘எ லாங் வாக் பை த பீச் ஹெல்ப்ஸ் மீ வைண்ட் டவுன்.’ குடிப்பதையோ பார்ட்டிக்குப் போவதையோ சொன்னால்தான் அவர்களோடு ஒட்ட முடியும் என்று நினைக்க வேண்டாம். கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு ஒரு மூலையில் உட்காருவது உங்களுக்கு நிம்மதி என்றால், ‘ஐ கோ டு த டெம்பிள் அண்ட் சிட் தேர் ஃபார் எ வைல்’ என்றே சொல்லுங்கள். கேட்கிறவர் ஆவலோடு அடுத்த கேள்வி கேட்பார், பேச்சு வளரும். பதிலோடு நிறுத்திவிடாமல் ‘ஹவ் அபவுட் யூ?’ என்று திருப்பிக் கேட்பதும் அங்கே மரியாதை.

பயிற்சிக்கு, தினமும் படுக்கப் போகுமுன் அன்றைய நாளைப் பற்றி இந்தத் தொடரை வைத்து ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் உங்களைப் பற்றி, அடுத்த நாள் ஒரு கூட்டத்தையோ கல்யாணத்தையோ பற்றி, மூன்றாம் நாள் மூடப்படும் ஒரு கடையையோ திட்டத்தையோ பற்றி. மூன்றாவது வகை தானாக அமையாது. வணிகச் செய்திகளைப் படித்தால் கிடைக்கும். இறந்தகாலத்தில் வேண்டுமென்றே சில வாக்கியங்கள் சொல்லுங்கள், ‘வௌண்ட்’ நாவுக்குப் பழக அதுதான் வழி: ‘த மீட்டிங் வௌண்ட் டவுன் அரவுண்ட் சிக்ஸ்.’ ‘தே வௌண்ட் த ப்ராஜெக்ட் டவுன் லாஸ்ட் இயர்.’ கைபேசியில் பதிவு செய்து கேட்டால் ‘விண்ட்’ எட்டிப் பார்க்கும் இடம் உங்களுக்கே பிடிபடும்.